வெள்ளத்தைக் கூப்பிடுகிறவன்

சுயம்புவுக்குப் பிள்ளைகள் இரண்டு. இரண்டும் பெண். இது ரேஷன் கார்டு சொல்லும் கணக்கு. காகிதத்தில் அவன் பெற்றுப்போட்டவர்கள் பதினான்கு பேர். அவர்களில் ஒருத்தி பறப்பாள். ஒருவன் பாறையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடப்பான். இன்னொருத்தி தொட்டால் காய்ச்சல் இறங்கிவிடும். இத்தனை வல்லமையும் கொடுத்து அனுப்பிய பிறகு, பதினான்கு பேரும் கடைசியில் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். லீவு கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெற்றவன் அப்படி.

சுயம்பு லஸ்கர் வேலை பார்க்கிறவன். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கால்வாயிலிருந்து, பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம் மாவடிக்கால் என்று ஒரு கிளை பிரிகிறது. ஆறு கிலோமீட்டர் நீளம், பதினேழு மடை. மடைகளைத் திறப்பதும் அடைப்பதும், குப்பை சேர்ந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளிவிடுவதும், யாராவது கரையைத் துளைத்துக் குழாய் செருகியிருந்தால் பிடுங்குவதும், பிடுங்கியதற்காக வசவு வாங்குவதும் அவனுடைய வேலை. பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகப் பணி. பத்தொன்பது வருஷம் நிலைத்து நிற்கிற தற்காலிகத்தை அரசாங்கத்தைத் தவிர வேறு யாராலும் உண்டாக்க முடியாது.

விடியுமுன் முதல் போன் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. "சுயம்பு, எனக்க வயலுக்கு வெள்ளம் ஏறல்லியே." அதை வைத்தவுடன் அடுத்தது. "ஏலே, நேத்து எங்க முறைல்லா, நீ எதுக்குலே அடைச்ச?" முறை யாருடையது என்று சுயம்புவுக்குத் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். கேட்டு வைப்போமே, கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்ற எண்ணம். கேட்கிறவருக்கு ஒன்றும் குறையாது. ஒரு நாளைக்கு அறுபது பேருக்குப் பதில் சொல்கிறவனுக்குத்தான் குறையும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தால், மனைவி லீலாபாய் சோறு வேண்டுமா என்று கேட்பதுகூட இன்னொரு மடையைத் திறக்கச் சொல்வது போலக் கேட்கும்.

"சீணமா இருக்குட்டி" என்று அலுத்துக்கொள்வான். அவனுடைய நடுத்தர வயதின் முழுக் கதையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி, விபினின் கடைக்குக் கிளம்பிவிடுவான். விபின் பூதப்பாண்டியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அதற்குமுன் ஏழு வருஷம் கத்தாரில் இருந்தான். அங்கே அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனைக் காகிதத்தில் உண்டாக்கி, அவனுக்குப் பெயர், ஊர், பலம், பலவீனம் எல்லாம் எழுதி, அந்தக் கதைக்குள் இறக்கிவிடுவார்கள். வீரன் நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். விபின் ஊருக்குத் திரும்பியபோது அத்தர், கம்பளி, டார்ச் இவற்றோடு ஒரு பை நிறையப் பகடையும் கொண்டுவந்தான். அத்தரும் கம்பளியும் சொந்தக்காரர்களுக்குப் போயின. பகடையைக் கேட்க ஆளில்லை.

அதற்குச் சிக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் சுயம்பு, போன் ரிப்பேருக்கு வந்தவன். போன் ஒரு மணி நேரம் அணைந்து கிடந்த சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மற்றவள் முத்துக்கனி, விபினுக்கு மாமி முறை. ஐம்பது தாண்டியவள், கணவன் இல்லை, மாவடிக்காலின் நடுப்பகுதியான நடுப்பத்தில் ஒன்றேகால் ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் செய்கிறவள். கடைக்கு வந்தது செல்போனில் பாட்டு ஏற்ற. இருந்தது நான்கு வருஷம்.

முதலில் விபின் பிலிப்பைன்ஸ்காரர்கள் சொன்ன கதையையே சொல்லிப் பார்த்தான். கோட்டை, பனிமலை, தீயைக் கக்கும் பறவைநாகம். முத்துக்கனி கையை உயர்த்தினாள்.

"மக்கா, இவ்வளவு பெரிய சாதனம் என்னத்தத் தின்னும்?"

"ஆடு, மாடு எல்லாம் தின்னும் மாமி."

"யாருக்க மாடு?"

 அதோடு பறவைநாகம் செத்தது. அடுத்த வாரத்திலிருந்து கதை நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. ஒரு நாள் விடியும்போது இங்கே சில பேருக்கு அதிசயமான சக்தி வந்துவிடுகிறது. பிறகு என்ன ஆகும்? இதுதான் விளையாட்டு.

சுயம்பு முதலில் உண்டாக்கியது கடியப்பட்டணத்து ஸ்மைலின். அவள் பறப்பாள். கரை திரும்பாத படகுகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வாள். கதையின் முதல் வருஷம் ஊர் அவளைத் தலையில் வைத்துக்கொண்டாடியது. இரண்டாம் வருஷம், படகு அரைமணி பிந்தினாலே அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதை மூன்றாம் வருஷத்துக்கு வந்தபோது முத்துக்கனி ஒரு கேள்வி கேட்டாள்: "இவ இருக்காங்குத தைரியத்துல அவனுவ காத்தையும் கோளையும் பாக்காம இன்னும் தூரம் போவானுவல்லா?" விபின் பகடையை உருட்டினான். போனார்கள். முன்னைவிட அதிகம் படகுகள் காணாமல்போயின. ஸ்மைலின் உறக்கமில்லாமல் பறந்து பறந்து, ஒரு நாள் மணலில் இறங்கி, "எனக்கு ஒரு மாசம் லீவு வேணும்" என்றாள். ஊர் அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பேச்சிப்பாறை ஜெபசீலன் மலையைப் பெயர்ப்பவன். அவனுக்கு எந்தத் துறையில் வேலை கொடுப்பது என்பதிலேயே ஆறு வாரம் போயிற்று. வேலை நிரந்தரமாகவா என்று விபின் கேட்டதற்கு, "தற்காலிகம்" என்று சுயம்பு அடித்துச் சொல்லிவிட்டான். ஜேசிபிக்காரர்கள் மறியல் செய்தார்கள். தொட்டால் காய்ச்சல் இறங்கும் நேசபாய் வீட்டுக்கு நாகர்கோவிலிலிருந்து தனியாக பஸ் விட்டார்கள். அவள் இருக்கிற நம்பிக்கையில் ஊரில் யாரும் தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிப்பதில்லை. அவள் கை காய்த்துப்போய், லீவு கேட்டுக் கிடைக்காமல், ஒரு நாள் கேரளாவுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"அண்ணே, ஒனக்க ஆளுவ எல்லாம் எதுக்கு லீவு கேக்கானுவ? ஒருத்தனாவது சந்தோசமா இருக்கப்பிடாதா?" என்று விபின் கேட்பான்.

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்பான் சுயம்பு. எழுதும்போது கை அப்படித்தான் போயிற்று.

முத்துக்கனியிடம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவளுக்குச் சக்தி எதுவும் கிடையாது. பலம் என்ற கட்டம் நான்கு வருஷமாகக் காலி. "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மக்கா. நான் ஒரு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பாள். வெளியிலும் அவள் அப்படித்தான். மாவடிக்காலில் தண்ணீருக்காக சுயம்புவைப் போனில் கூப்பிடாத ஒரே ஆள் அவள். "எல்லாரும் அவனைப் பிச்சிப் பிடுங்குதானுவ. நானும் கூப்பிட்டா அவன் செத்துப்போவான்" என்று விபினிடம் சொல்லியிருக்கிறாள். முறை வந்தால் தண்ணீர் வரும், சுயம்பு பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடுவாள்.

இந்த வருஷம் தை மாதம் அணையில் தண்ணீர் வேகமாகக் குறைந்தது. மாவடிக்காலில் முறை வைத்தார்கள். மேலே இருப்பது மேலப்பத்து, அடுத்தது நடுப்பத்து, வால் நுனியில் கடைவரம்பு. எந்த நாளில் யாருக்குத் தண்ணீர் என்று இன்ஜினியரம்மா சனிக்கிழமைதோறும் மஞ்சள் தாள் ஒன்றில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். சில வாரம் மாறிவிடும் என்பதால் மனப்பாடம் உதவாது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பான் சுயம்பு. அன்றாடம் அதைப் பார்த்துத்தான் திறப்பு, அடைப்பு எல்லாம்.

கடைவரம்புக்குப் பேருக்குத்தான் முறை. பெரும்பாலும் செவ்வாய், புதன் என்று தாளில் இருக்கும். தண்ணீர் ஆறு கிலோமீட்டர் ஊர்ந்து அங்கே போய்ச் சேரப் புதன் சாயங்காலம் ஆகிவிடும். வியாழன் காலை அடைத்துவிட வேண்டும். அங்கே உள்ளவர்கள் வயலில் வெடிப்பு விழுந்து கிடந்தது. சத்தியநேசன் என்ற பெரியவர் வாரம் தவறாமல் வந்து நிற்பார். திட்டமாட்டார், சும்மா நிற்பார். திட்டுகிறவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் சுயம்பு தன் பதினைந்தாவது ஆளை உண்டாக்கினான். பெயர் வேலப்பன். அவன் கூப்பிட்டால் வெள்ளம் வரும்.

"எங்க இருந்து வரும்?" முத்துக்கனி கேட்டாள்.

"கூப்பிட்டா வரும்க்கா. அவ்வளவுதான்."

"அது கொள்ளாம், கேக்க நல்லாத்தான் இருக்கு. அணையில இருக்கது ஒரு அளவுல்லா? இங்க ஒருத்தனுக்கு வந்தா அங்க ஒருத்தனுக்கு இல்லாமப்போகும். அத எழுது."

விபினும் அவள் பக்கம்தான். வேலப்பனால் தண்ணீரை உண்டாக்க முடியாது, இருக்கிற தண்ணீரைக் கூப்பிட மட்டுமே முடியும் என்று விதி சொல்லிவிட்டான். கதை நடக்கும் இடமும் மாவடிக்கால்தான். வேறு இடம் யோசிக்க அன்று யாருக்கும் தெம்பில்லை. சுயம்பு ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த வெறும் மஞ்சள் தாளில், பையில் இருந்த அந்த வார முறையை எடுத்துப் பக்கத்தில் வைத்து அப்படியே நகல் எழுதினான். வேலப்பன் முறையில் கை வைத்தான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நடுப்பத்தை அடித்துவிட்டுக் கடைவரம்பு என்று எழுதினான். பகடை பதினெட்டு விழுந்தது. கடைசி வரப்பு வரை வெள்ளம் நிறைந்தது. சத்தியநேசனைப் போல ஒரு பெரியவர் அதில் காலை நனைத்துக்கொண்டு நிற்பதாக விபின் சொன்னான். சுயம்புவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நிஜத்தில் பார்க்காத காட்சி.

"நடுப்பத்துல எனக்க நெல்லு காயுது, அதையும் சொல்லு" என்றாள் முத்துக்கனி. எல்லோரும் சிரித்தார்கள். தாளின் அடியில், இன்ஜினியர் கையெழுத்துப் போடும் இடத்தில், விபின் விளையாட்டாக 'வேலப்பன்' என்று கையெழுத்துப் போட்டான். கிளம்பும்போது சுயம்பு ஒரு மஞ்சள் தாளை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டான். இன்னொரு மஞ்சள் தாள் விபினின் மேசையில் பகடைப் பையின் அடியில் கிடந்தது.

திங்களும் செவ்வாயும் புதனும் ஒன்றும் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் இரண்டு தாளிலும் ஒன்றுதான். அதுவுமில்லாமல் பக்கத்துக் கால்வாயின் லஸ்கர் ரெனிஷ் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டான். அவனுடைய பன்னிரண்டு மடையும் சேர்த்து சுயம்பு தலையில் விழுந்தது. புதன்கிழமை அவனுக்கே உடம்பு கனகனவென்று இருந்தது. வியாழன் காலை ஆறு மணிக்கு நடுப்பத்து மடை மேல் நின்று தாளை எடுத்துப் பார்த்தான். வியாழன், கடைவரம்பு. பரவாயில்லையே, அம்மா மனசு வைத்திருக்கிறார்களே என்று நினைத்தான். நினைத்ததோடு சரி. காய்ச்சல் கண்ணுக்கு எழுத்து யாருடையது என்று உறைக்கவில்லை, அடியில் இருந்த கையெழுத்தையும் பார்க்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் போகிற போக்கில் போகட்டும் என்று விட்டுவிட்டு, ரெனிஷின் கால்வாய்க்கு வண்டியைத் திருப்பினான்.

பத்து மணிக்கு நடுப்பத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சுயம்பு, இன்னிக்கு எங்க முறைல்லா?"

"அண்ணாச்சி, தாளப் பாத்துட்டுத்தான் விட்டிருக்கேன்" என்றான். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொருவரும் எங்கள் முறை என்றுதான் சொல்கிறார்கள். அவர் மேற்கொண்டு சண்டை போடவில்லை. நடுப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அறுப்பு நெருங்கிவிட்டது, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

ஒருத்திக்கு மட்டும் அப்படி இல்லை. ஐப்பசி மழையில் நாற்று அழுகிப்போய் இரண்டாம் தடவை நட்டவள் முத்துக்கனி. அவளுடைய நெல் அந்த வாரம்தான் பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது. அப்போது இரண்டு நாள் தண்ணீர் தேங்கி நின்றால் மணி திரளும், இல்லையென்றால் எல்லாம் பதர். அவளோ மகளின் பிரசவத்துக்காக நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வியாழன் முறை என்று ஞாயிற்றுக்கிழமையே தாளைப் பார்த்திருந்தாள். வயலைப் பற்றி அவள் யாரிடமும் கேட்கவில்லை. சுயம்பு இருக்கிறானே.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, நடுப்பத்து மடைக்கு மேலே பாலத்தடியில் சுயம்பு பொதிச்சோறு பிரித்துக்கொண்டிருந்தான். சத்தியநேசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு முழு மட்டி வாழைக்குலை கட்டியிருந்தது. பழம் மஞ்சளாகப் பழுத்து வாசம் அடித்தது. குலையை அவிழ்த்து சுயம்புவின் பக்கத்தில் வைத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இது?"

"வச்சுக்க மோனே. பாதி வயலு நனைஞ்சாச்சு. நாளைக்குக் காலத்த வர ஓடுனா மிச்சமும் ஏறிடும். நான் இந்த வயலுக்கு வந்து முப்பது வருசமாச்சு. தை மாசம் கடைவரம்புல வியாழக்கிழம வெள்ளம் பாத்தது இதாக்கும் முதத் தடவ." அவருக்குக் குரல் தழுதழுத்தது. "நீ நல்லாயிருப்ப."

சுயம்புவுக்கும் கண் கலங்கியது. "எனக்கு எதுக்கு அண்ணாச்சி, அம்மால்லா எழுதியிருக்காவ" என்று சொல்லிக்கொண்டே தாளை எடுத்து அவரிடம் விரித்துக் காட்டினான். காட்டும்போதுதான் அடியில் பார்த்தான். வேலப்பன்.

 சத்தியநேசன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுயம்பு எழுந்து மடையின் மேல் போய் நின்று நடுப்பத்தைப் பார்த்தான். எல்லா வயலும் பொன்னிறமாக நின்றது. நடுவில் ஒரே ஒரு துண்டு பச்சை. அந்தப் பச்சையும் ஓரத்தில் வெளுத்திருந்தது, வெடிப்பு மடையிலிருந்தே தெரிந்தது. 

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மேலப்பத்துக்குப் போய்விடும். நடுப்பத்துக்கு அடுத்த முறை வர ஆறு நாள் ஆகும், அதற்குள் அந்த நெல்லில் ஒன்றும் இருக்காது. இப்போதே கடைவரம்பை அடைத்துத் திருப்பினால் முத்துக்கனிக்குப் பதினேழு மணி நேரம் கிடைக்கும். பாதியாவது பிழைக்கும். அடைத்தால், நனையாத பாதி வயலோடு இந்த மனுஷன் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதலில் இன்ஜினியரம்மாவைக் கூப்பிட்டான். மறைக்கவில்லை, விளையாட்டுத் தாள் என்பதையும் சொன்னான்.  "சுயம்பு, என்ன விளையாட்டு இது? நடந்ததை எழுதிக் கொடுங்க. மேலப்பத்து முறையில ஒரு மணி நேரம்கூட மாத்த முடியாது. இருக்கிற நேரத்தை நீங்களே பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

பிறகு முத்துக்கனியைக் கூப்பிட்டான். தண்ணீர் விஷயமாக அவர்களுக்குள் போன் பேசுவது அதுதான் முதல் தடவை. நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான்.

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டாள். பிறகு அவள் கேட்டாள். "கடவரம்புல எவ்வளவு ஏறியிருக்கு?"

"பாதி."

"எனக்கதுல?"

"ஒண்ணும் இல்லக்கா." "நான் இப்ப என்ன செய்யணும்க்கா? நீ சொல்லு. நீ சொன்னபடி செய்யுகேன்."

"என்கிட்ட கேக்கியா?" அவள் குரல் உயரவில்லை, ஆனால் அவன் அதுவரை கேட்காத குரலாக இருந்தது. "என்கிட்ட கேட்டா நான் எனக்க வயலுக்கு விடுன்னுதான் சொல்லுவேன். அந்தக் கிழவன்கிட்ட கேட்டா அவரு அவருக்க வயலுக்கு விடுன்னு சொல்லுவாரு. நான் விட்டுக்குடுத்தேன்னு சொல்லி நீ உறங்கப் பாக்காதே. தாக்கோலு ஒனக்க கையிலதான் இருக்கு. நீ முடிவு பண்ணு." வைத்துவிட்டாள்.

தாக்கோல் என்று அவள் சொன்ன அந்த ஷட்டர் சாவி நாலு கிலோ இரும்பு. அன்று அதைத் தூக்கவே முடியவில்லை. சுயம்பு இரண்டு தாள்களையும் மனதில் வைத்துப் பார்த்தான். ஒன்றில் இன்ஜினியர் கையெழுத்து, ஒன்றில் வேலப்பன் கையெழுத்து. வேலப்பன் நல்லவன்தான், ஆனால் அவனை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. சுயம்பு சாவியைச் செருகிச் சுற்றினான். கடைவரம்புக்குப் போகும் வழியின் ஷட்டர் கிரீச்சென்று இறங்கியது. நடுப்பத்து மடை திறந்தது.

சத்தியநேசன் பார்த்துக்கொண்டே நின்றார். ஏன் என்று கேட்டார். சுயம்பு சொன்னான். அவருக்கு விளையாட்டும் புரியவில்லை, பகடையும் புரியவில்லை. "அப்போ இது எங்களுக்கு உள்ளது இல்ல" என்பது மட்டும் புரிந்தது. மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பினார். குலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தால் சுயம்புவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். முத்துக்கனிக்குப் பாதி விளைந்தது. சத்தியநேசனுக்கும் பாதி. சுயம்புவுக்கு மெமோ வந்தது. நிரந்தரம் கேட்டு அனுப்பியிருந்த கோப்பில் அதையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கடைவரம்பில் அவனை 'கொடுத்துப் பிடுங்கினவன்' என்றார்கள். மட்டிக் குலை லீலாபாயின் சமையலறையில் தொங்கிக் கறுத்தது. அவளும் பிள்ளைகளும் இரண்டு பழம் தின்று பார்த்தார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் விபினின் கடைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு விபினே வீட்டுக்கு வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே முத்துக்கனி உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு ஆண்பிள்ளை, சுகப்பிரசவம் என்றாள். பிறகு நெடுநேரம் பகடையை உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சுயம்பு, அன்னிக்கு வியாழக்கிழம காலத்த நான் உன்னக் கூப்பிட்டிருந்தா, தாள ஒழுங்காப் பாத்திருப்பியா?"

பொய் சொல்லலாமா என்று அவன் ஒரு கணம் நினைத்தான். "பாத்திருப்பேன்க்கா. மத்தவன் கூப்பிட்டா பாக்கமாட்டேன். நீ ஒரு நாளும் கூப்பிட்டது இல்லியே. நீ கூப்பிட்டா என்னமோ ஆயிப்போச்சுன்னு பாத்திருப்பேன்."

"அப்போ எனக்கும் அதுல ஒரு பங்கு உண்டு" என்றாள். "நான் உனக்கு நல்லது செய்யுகேன்னு நெனச்சு எனக்க வாய அடைச்சு வச்சிருந்தேன். பாரு, எவ்வளவு பெரிய சக்தி." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. விபின் டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்துபோய்விட்டான்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு சுயம்புவின் போன் அடித்தது. முத்துக்கனி.

"தாளப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"கையெழுத்து?"

"அம்மாவுக்கது."

"செரி." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது தண்ணீர் தேவையில்லை, அறுக்க வேண்டியதுதான் பாக்கி. இருந்தும் மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். நாளுக்கு அறுபது போன் அறுபத்தொன்று ஆயிற்று. அந்த ஒன்றுக்காக மட்டும் சுயம்பு முன்கூட்டியே எழுந்து, தாளைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினான்.

பிப்ரவரி முடிவில் அணையை அடைத்தார்கள். மாவடிக்கால் வற்றியது. மறுநாள் காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. சுயம்பு பழக்கத்தில் சட்டைப்பையைத் துழாவினான். உறைக்குள் ஒன்றும் இல்லை.

"அக்கா, அணை அடைச்சாச்சே. தாளே கெடையாது."

"தெரியும்டே" என்றாள் முத்துக்கனி. "அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னிக்கு ஒனக்கு லீவு. போன அணைச்சுப் போட்டுட்டு கெடந்து உறங்கு."

பத்தொன்பது வருஷத்தில் போனில் அவனைக் கூப்பிட்ட எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. சுயம்பு போனை அணைத்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மதியம் வரை உறங்கினான்.